காஜா எடுக்காத பட்டன்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அவருடைய சட்டையில் மூன்றாவது பட்டனை மட்டும் வேறு கை தைத்திருந்தது. மற்ற பட்டன்களில் நூல் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடியது. இதில் மட்டும் தண்டவாளம் மாதிரி இரண்டு நேர்க்கோடுகள். நூலும் வெள்ளை இல்லை, பழுப்பு. அதைத்தான் முதலில் பார்த்தேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

நலம் விசாரிக்காமல் பட்டனில் ஆரம்பித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நான் நலம். அம்மாவும் நலம், முழங்கால் வலிதான் அப்படியே இருக்கிறது. மாமா சுகமா? ஆலைத் தூசியில் உனக்கு வந்த இருமல் விட்டதா?

அவர் யாரென்று சொல்லவில்லையே. தையல் கடைகளுக்குப் பட்டன், நூல், ஜிப் எல்லாம் பெட்டியில் கொண்டுவந்து காட்டி ஆர்டர் எடுப்பவர். பழையவர் வேலையை விட்டுவிட்டார், இவர் புதுசு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாராம். ஒரே நாளில் கடையில் எல்லாரும் அவருக்குப் 'பட்டன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நேற்று மாஸ்டரோடு பேசி முடித்ததும் நேராக என் ஸ்டூலுக்கு வந்தார். பட்டன் நுழையக் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் நான்தானே, எந்தப் பட்டன் ஊசிக்கு வாகாக இருக்கிறது என்று என்னைத்தான் கேட்க வேண்டுமாம். நான் கையை நீட்டி ஒன்றைக் காட்டினேன்.

"வாயால சொன்னா கொறஞ்சா போயிடுவே? உன் வாய்க்கும் பட்டன் போட்டுட்டாங்களா?"

கடையே சிரித்தது. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் இருக்கும் அத்தை, "அது ஊமைக்கோட்டான் தம்பி. அது குரல எப்பக் கேட்டோம்னு எங்களுக்கே மறந்துபோச்சு" என்றார்.

"அடுத்த தடவை வரும்போது பதில் வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை மூடினார்.

எனக்குப் பதில் தோன்றுவதே எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான். உன்னிடம் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வாய். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வாசித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. அம்மா அங்கே வரும்போது கண்ணில் பட்டால் என் தோலை உரித்துவிடுவாள்.

தபால்காரர் சைக்கிள் மணிக்குக் காதை வைத்திருக்கும்
உன் சின்னவள்


ஜூன் 10

என் ஊமைக்கோட்டானுக்கு,

அடி கள்ளி! சும்மா தெரிந்துகொள்ளவா கேட்கிறாய்? பட்டனுக்கு இரண்டு வரி, நூலுக்கு இரண்டு வரி, பெற்ற அம்மாவுக்கு அரை வரி. நான் என்ன நேற்றுப் பிறந்தவளா?

நான் நலம். மாமா நலம். இருமலும் நலமாகத்தான் இருக்கிறது, என்னை விட்டுப் போக அதற்கு மனசில்லை.

கேட்டுக்கொள். அவர் மறுபடி கேட்டால் இப்படிச் சொல்: "பட்டன் இருக்கு. காஜாதான் எடுக்கல. வாய் திறந்துதான் கெடக்கு, கேக்கத்தான் ஆளில்ல." உன் தொழிலை வைத்தே சொல்லியிருக்கிறேன், உனக்கு மறக்காது. ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொல். அவசரப்படாதே. சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்காதே, அடுத்த பட்டனை எடுத்துக்கொள். அதுதான் முக்கியம்.

சமையலறையில் நின்று இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறதுடி! இங்கே நான் அதிகம் பேசுவதில்லை. மாமாவுக்குச் சத்தம் ஆகாது. ஷிப்ட் முடிந்து தலைவலியோடு வருகிறவரிடம் தொணதொணக்கக் கூடாதல்லவா? ஆலை ஆபீஸ் போனில் உன்னைக் கூப்பிடலாம்தான். ஆனால் குமாஸ்தாவிலிருந்து வாட்ச்மேன் வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். கடிதம்தான் நமக்குச் சரி.

அம்மாவின் முழங்காலைத் தடவிவிடு. என்ன நடந்தது என்று உடனே எழுது.

உனக்காக வாயைக் கடன் கொடுத்த
அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்!

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஆவல். நேற்று அவர் வந்ததும், "என்ன, பட்டன் கழண்டுச்சா?" என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்து ஊசி நழுவியது. நான் வைத்த மாதிரியும் ஆயிற்று, விழுந்த மாதிரியும் ஆயிற்று. நீ எழுதியதை அப்படியே சொன்னேன். பாதிக் குரல்தான் வந்தது. ஆனால் ஓவர்லாக் மிஷின் நின்றுவிட்டது. மாஸ்டர் கத்திரியைத் துணியில் வைத்தபடியே திரும்பினார்.

"அடேங்கப்பா!" என்றார் அவர். "பதினஞ்சு நாளா இதையா யோசிச்சே?"

தலையாட்டினேன். பொய் இல்லையே அக்கா, அந்தப் பதில் உன் ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறதே.

"மாஸ்டர், கோட்டானுக்குக் குரல் வந்திருச்சு! காயப்போட்ட துணியெல்லாம் எடுங்க, இனிமே அடைமழைதான்" என்று அத்தை கத்தினார்.

போகும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் வராத நாள்ல என்ன பண்ணுவே? பதினஞ்சு நாள் கழிச்சே சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

அவர் வராத நாளில் நான் காஜா எடுப்பேன். அதைத் தவிர என்ன செய்வேன்? அதைச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? நீதான் சொல்ல வேண்டும்.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காத
உன் சின்னவள்


ஜூன் 26

என் செல்லக் கோட்டானுக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் பாலைப் பொங்கவிட்டேன். நான் சுகம். மாமாவும் சுகம் என்று நினைக்கிறேன், பேசினால்தானே தெரியும்?

இந்த முறை இப்படிச் சொல்: "நீங்க வந்த நாளப் பிரிச்சு, மறுபடி தைப்பேன்." அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. இதற்கு முன்னால் ஏழெட்டு எழுதிப் பார்த்து அடித்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் இது வந்தது.

நீ ஒன்றுமே எழுதுவதில்லை. அவர் என்ன சட்டை போட்டிருந்தார்? மூன்றாவது பட்டன் இன்னும் பழுப்பு நூலில்தான் இருக்கிறதா? சிரித்தால் பல் தெரியுமா, கண் மட்டும் சிரிக்குமா? ஒன்று விடாமல் எழுது. எனக்கு இங்கே பார்ப்பதற்கு இருப்பது ஆலையின் புகைபோக்கி ஒன்றுதான். அது சிரிக்காது.

பள்ளிக்கூடத்தில் உன்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்களே, நீ புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாயே, நான் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்து உனக்காக வாசித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? டீச்சர் இரண்டு பேரையும் வெளியே நிறுத்தினார். வெளியே நின்றும் நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். அப்படி இருந்தவள் நான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். பதினைந்து நாளை எண்ணிக்கொண்டிருப்பது நீ மட்டும் இல்லை.

உன் அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. முதலில் நீ கேட்டவை. நீலக் கட்டம் போட்ட சட்டை. பழுப்பு நூல் அப்படியேதான் இருக்கிறது, இப்போது பட்டன் கொஞ்சம் தொங்குகிறது. சிரித்தால் பல்லும் தெரிகிறது, கண்ணும் மூடிக்கொள்கிறது.

நீ சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கட்டு நூல் கேட்ட மாஸ்டருக்கு ஒரு பெட்டி என்று எழுதினார். மாஸ்டர், "தம்பி, நான் கடைதான் வச்சிருக்கேன், மில்லு வைக்கல" என்றார்.

பிறகு என் பக்கத்தில் வந்து, "உன்ன மாதிரி பேசற பொண்ண நான் பாத்ததே இல்ல" என்றார். 'உன்ன மாதிரி' என்றதும், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், அக்கா.

"என்கூட வர்றதா இருந்தா எந்த ஊருக்குப் போகணும்னு ஆசை? அத மட்டும் சொல்லு. எங்கம்மாவ உங்கம்மாகிட்டப் பேசச் சொல்றேன்."

அன்று சாயந்திரம் ஒரு சட்டைக்கு வலது பக்கத்தில் காஜா வெட்டிவிட்டேன். ஆண்கள் சட்டைக்கு இடது பக்கம்தான் காஜா, பட்டன் வலது பக்கம். வேலைக்கு வந்த முதல் வாரத்தில்கூட நான் இந்தத் தப்பைச் செய்ததில்லை. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். தையல் என்றால் பிரித்துவிடலாம். வெட்டின காஜாவை என்ன செய்வது?

ஒன்று கேட்கிறேன். இந்த ஒரு பதிலை நானே சொல்லிப் பார்க்கட்டுமா? வேண்டாம், வேண்டாம். அம்மாவைப் பேச அனுப்புகிறேன் என்கிறவரிடம் நான் எதையாவது உளறி வைப்பேன். நீயே எழுது. சீக்கிரம் எழுது.

உன் சின்னவள்


ஜூலை 31

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மாமா சுகம்தானே? உன் கடிதம் வரவே இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார்.

போன முறை அவர் வந்தபோது, "அடுத்த தடவை சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். "ஒரு மாசமா? ரொம்பத் தூரத்து ஊர் போலிருக்கே" என்று சிரித்துவிட்டுப் போனார். முந்தாநாள் மறுபடி வந்தார். உன் கடிதம் இல்லை. ஸ்டூல் பக்கத்தில் நின்று, "சொல்லு, எந்த ஊரு?" என்றார்.

இரண்டு வாரமாக யோசித்ததை நானே சொன்னேன். "எனக்கு எந்த ஊரும் வேண்டாங்க. ஜன்னல் ஓரமா ஒரு ஸ்டூல் இருந்தாப் போதும். காஜாவுக்கு வெளிச்சம் வேணும்" என்றேன். அவர் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார். அதனால் நிறுத்தாமல் பேசினேன்.

"உங்க மூணாவது பட்டன் நீங்களே தைச்சது. நூலக் குறுக்கப் போடாம நேராப் போட்டிருக்கீங்க. அடியில நூலச் சுத்திக் கழுத்துக் கட்டல, அதான் ஆடுது. முதல் நாளே பாத்தேன். அதத் தைக்க உங்களுக்கு வீட்ல யாரும் இல்லையோன்னு அப்ப நெனச்சேன். குடுத்தீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல வச்சுத் தர்றேன். இனிமே விழாது."

என் ஆயுளில் ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியதில்லை. பேசி முடித்தபோது காது சூடாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் அந்தப் பட்டனைக் கையால் மறைத்துக்கொண்டார். "இன்னிக்கு உடம்பு சரியில்லையா உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல... இன்னிக்கு நீ நீயாவே இல்லையே" என்றார். பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அவருடைய அம்மா வருகிற பேச்சே எழவில்லை.

அக்கா, இத்தனை நாளில் அன்றைக்கு மட்டும்தான் நான் நானாக இருந்தேன்.

ஒரு வரி போதும், எழுது. அவருக்காகக் கேட்கவில்லை. நீ நலமா என்று தெரிந்தால் போதும்.

உன் சின்னவள்


ஆகஸ்ட் 9

சின்னவளுக்கு,

நலம். பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை, அதனால் பென்சில். தண்ணீர் டிரம்மை நகர்த்தும்போது அடிபட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

போன மாதம் உனக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மாமா சீக்கிரம் வந்துவிட்டார். தாளை வாங்கி வாசித்தார். உன் பட்டன்காரருடைய ஊர்க் கேள்விக்கு, "சத்தமாச் சிரிச்சா யாரும் திரும்பிப் பாக்காத ஊருக்கு" என்று எழுதியிருந்தேன். யாருக்கு இது என்று கேட்டார். தங்கச்சி ஒருத்தர்கிட்டச் சொல்றதுக்கு என்றேன். "அந்த ஊமையா?" என்றார். உன் கடிதங்களைக் காட்டலாம் என்றால், நீ சொன்னபடி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு டிரம்மை நகர்த்த வேண்டி வந்தது.

இனி எழுதுவதாக இருந்தால் பக்கத்து வீட்டு நர்ஸ் பெயருக்கு எழுது. அம்மாவிடம் சொல்லாதே. அவர் வந்தால் என்ன சட்டை என்று எனக்கு எழுத வேண்டாம். அந்த ஊர் பற்றி நான் எழுதியது, பிடித்திருந்தால் சொல்லிக்கொள். வீணாகப் போக வேண்டாம்.

அக்கா


ஆகஸ்ட் 12

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம். தங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. தப்பு இருந்தால் மன்னிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை. எங்கள் கடைக்குப் பட்டன் கொண்டுவருகிற ஒருவர் என்னிடம் பேசினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். அக்கா எழுதினாள், நான் மனப்பாடம் செய்து சொன்னேன். அவரை அக்கா பார்த்ததே இல்லை. தாங்கள் படித்த வரிகூட நான் கேட்டதால் எழுதியதுதான்.

தாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, அக்கா ஜூன் மாதம் எனக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். வாசித்தால் எல்லாம் தங்களுக்கே விளங்கும். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

அக்காவின் கை எப்படி இருக்கிறது?

தங்கள் கொழுந்தியாள்


ஆகஸ்ட் 21

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மாவின் உடல்நலத்தை விசாரித்ததாகச் சொல்லவும்.

நீ அனுப்பிய இரண்டு கடிதங்களையும் வாசித்தேன். ஒருமுறைக்கு இரண்டு முறை வாசித்தேன். என் கல்யாணத்தின்போது ஒரு வாரம் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். "தண்ணி வேணுமா மாமா" என்று ஒரு வார்த்தை நீ கேட்டதில்லை. உனக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே உன் கடையில் அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று என் மனைவி உன்னிடம் ஏன் கேட்க வேண்டும்? சிரித்தால் பல் தெரியுமா என்று ஏன் கேட்க வேண்டும்? அவன் வருகிற நாளை அவள் இங்கே உட்கார்ந்து எண்ணுவது யாருக்காக? அந்தப் பேச்சு உன்னுடையது இல்லை. அதில் மயங்கியவன் உன்னிடம் மயங்கவில்லை. நீ நடுவில் இருந்த தபால்காரி, அவ்வளவுதான்.

என் முகம் பார்த்து உன் அக்கா இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை.

நீ கடிதங்களை அனுப்பியிராவிட்டால் எனக்கு இவ்வளவும் தெரிந்திருக்காது. அதற்கு நன்றி.

இப்படிக்கு,
மாமா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு (நர்ஸ் அக்கா, தயவுசெய்து இதை அவளிடம் நேரில் கொடுங்கள்),

நீ எப்படி இருக்கிறாய்? இதைக் கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது. கடிதங்களைக் கண்டதும் மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்தேன். நீ சட்டையைப் பற்றிக் கேட்டது எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. உனக்குப் பார்க்க ஒன்றும் இல்லாததால் கேட்டாய் என்றுதான் தோன்றியது. பக்கம் மாறி வெட்டிவிட்டேன், அக்கா. என்னால் பிரிக்க முடியவில்லை.

போன முறை அவர் வந்தபோது அயர்ன் மேஜைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நேற்று ஒளியவில்லை. சட்டையில் மூன்றாவது பட்டன் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தார். தைத்துத் தருகிறேன் என்று நான் கேட்டிருந்தேனே, கொடுத்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"இன்னிக்காவது பழைய ஆளா இருக்கியா? எந்த ஊருன்னு சொல்லவே இல்லையே" என்றார்.

உன் பதில் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் அவருடைய அம்மா எங்கள் வீட்டுப் படி ஏறுவார். எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் சொல்லவில்லை. அந்த ஊர் உன்னுடையது. அதற்காக அடி வாங்கியவள் நீ. நான் எப்போது சத்தமாகச் சிரித்தேன், அந்த ஊருக்குப் போக?

"அதெல்லாம் நான் பேசினது இல்லைங்க. எங்கக்கா எழுதிக் குடுத்தது. பட்டன் பத்திப் பேசினேனே, அதுதான் நான்" என்றேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தார். அப்புறம் பெட்டிக்குள் இருந்த பட்டன் அட்டைகளை எடுத்து, அடுக்கி, மறுபடி எடுத்து அடுக்கினார். எனக்கு அப்போதும் ஆசை இருந்தது, அக்கா. "பரவால்ல" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்கக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

மாமா எழுதியது சரிதான்.

கத்திரியைக்கூட நிறுத்தாமல் மாஸ்டர், "தம்பி, ஆர்டர் எழுதியாச்சுன்னா கெளம்புங்க" என்றார். ஓவர்லாக் அத்தை எனக்கு டீ வாங்கித் தந்தார். ஜோக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நீ பதில் எழுத வேண்டாம். கை ஆறட்டும்.

சின்னவள்


செப்டம்பர் 8

தங்கச்சிக்கு,

நான் உன் அக்காவின் அடுத்த வீட்டு நர்ஸ். நீ நலம்தானே? உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள், வீட்டில் வைக்க முடியாது என்று. அவள் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன். இப்போது வலது கையிலேயே மாவுக்கட்டு போட்டிருப்பதால் அவளால் எழுத முடியாது.

அவள் சொல்வது: நான் நலம். மாமா நலம். நீ எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இனி யார் பேருக்கும் கடிதம் போட வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொள். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை செய். இவ்வளவுதான்.

அவள் சொன்னதை எழுதிவிட்டேன். இனி வருவது நான் சொல்வது. இவள் குடிவந்த புதிதில் சிரித்தால் எங்கள் வீட்டு வாசலில் கேட்கும். "யாரு அந்தப் பொண்ணு" என்று விசாரித்துத்தான் நான் பழகவே ஆரம்பித்தேன். இப்போது அந்த வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட இல்லை. நான் ஏதாவது கேட்டால் தலையாட்டுகிறாள், இல்லையென்றால் கையைக் காட்டுகிறாள்.

நான் கட்டுதான் போட முடியும். வேறு என்ன செய்ய?

நர்ஸ்


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டுவருகிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் எழுதியதை வாசித்தும் காட்டினேன். அம்மா முழங்காலைத் தேய்த்தபடியே கேட்டாள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அவ வாய்தான் அவளுக்கு எதிரின்னு அன்னிக்கே சொன்னேன். நீ போயி என்னத்தப் பேசப் போறே?" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கிளம்பும்போது அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை.

அம்மா கேட்டது நியாயம்தான். மாமா கதவைத் திறப்பாரா, தெரியாது. திறந்தால் என்ன சொல்வேன், தெரியாது. நீ எழுதிக் கொடுக்கவில்லை. என்னோடு வா என்றால் நீ வருவாயா என்பதும் தெரியாது. வந்தாலும் இந்த வீட்டில் அம்மா உன்னை எத்தனை நாள் பேசவிடுவாள்? விடிந்ததிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்கிறேன். நல்ல பதில் ஒன்றும் வரவில்லை. எனக்கு எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதானே வரும்.

கடையில் இன்று புதுப் பட்டன்காரர் வருவாராம். வயதானவர் என்று அத்தை சொன்னார்.

கவுன்ட்டரில் உன் ஊர்ப் பெயரைச் சொன்னேன். உள்ளே இருந்தவருக்குக் கேட்கவில்லை. "எந்த ஊரும்மா? சத்தமாச் சொல்லு, பின்னால ஆளுங்க நிக்கறாங்கல்ல" என்றார். வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. மறுபடி சொன்னேன். எனக்கே என் குரல் வேறு யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது.

"எத்தனை?"

"போக ஒண்ணு. வர ரெண்டு" என்றேன்.